மலைக்காடும் கண்மாய் நீரும்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்தாற்போல் நிற்கின்றது. வத்திராயிருப்பு தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், இராஜபாளையம், சேத்தூர், தேவதானம் வரையில் அதன் அடிவாரத்திலுள்ள கிராமங்களின் சாகுபடி, பெரும்பாலும் கண்மாய்களையும், அக்கண்மாய்களின் கசிவினால் ஊறும் கிணறுகளையுமே நம்பியிருக்கின்றது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே திருவண்ணாமலை என்னும் குன்றில் எழுந்தருளியுள்ள ஸ்ரீநிவாசப் பெருமாளைச் சேவிக்கப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளான குடியானவர்கள் படியேறுகின்றனர். அம்மாதத்தில் கண்மாய்கள் பெரும்பாலும் வற்றியே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பெய்யும் மழை எவ்வளவு, அதில் எத்தனை பங்கு மடைக்கு வந்து சேரும் என்பதைப் பொறுத்தே அவ்வருஷத்து நெல்லும், அடுத்த கோடையில் தென்னையின் பிழைப்பும் அமையும்.

சமவெளியில் இப்பகுதிக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர், அதாவது சுமார் 32 அங்குலம். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவக்காற்றினால் வருவது. தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மறுபுறத்தில் பெய்து தீர்த்துவிட்டு, இப்புறத்தில் வறண்ட காற்றாகவே இறங்குகின்றது. மலைமுகட்டில் பெய்வதிலும் பெரும்பகுதி மேற்கு நோக்கியே ஓடுகின்றது. சிவகிரி மலைகளில் தோன்றும் பெரியாறு அத்தன்மையது. அந்நீரின் ஒரு பகுதியை 1895-ஆம் ஆண்டு முதல் சுரங்கத்தின் வழியே திருப்பி வைகைப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்திருப்பதை யாவரும் அறிவர். ஆனால் வைப்பாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளின் நீரில் 63 கோடி 40 இலட்சம் கனமீட்டரை வைப்பாற்றுக்குத் திருப்புவதற்கு தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை வகுத்த திட்டம், கேரளத்தின் சம்மதமின்மையால் காகிதத்திலேயே நிற்கின்றது. ஆகையால் கிழக்குச் சரிவில் விழும் மழையே இங்குள்ள குடிகளின் முதல். 1970-களில் வத்திராயிருப்புக்கு மேற்கே கட்டப்பட்ட பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளும் இச்சரிவின் நீரைத்தான் தேக்குகின்றன. (இந்தப் பிளவக்கல் பெரியாறு வேறு, மேலே கூறிய பெரியாறு வேறு.)

இச்சரிவின் காடு குறித்துக் கிராமங்களில் இருவகைப் பேச்சு உண்டு. காடு இருந்தால் தண்ணீர் உண்டு, மரம் போனால் ஊற்றும் போகும் என்பர் ஒரு சாரார். மரம் தண்ணீரைக் குடித்துவிடுகின்றது, யூக்கலிப்டஸ் வைத்த இடத்தில் கிணறு வற்றியதைக் கண்ணாரக் கண்டோம் என்பர் மற்றொரு சாரார். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினும் இரண்டிலும் உண்மை உண்டு. எது எவ்விடத்தில் மெய்யாகும் என்பதைச் சர்ச்சையினால் தீர்க்க முடியாது. அளந்துதான் தீர்க்க வேண்டும். அவ்வாறு அளந்த ஆராய்ச்சி ஒன்று தமிழ்நாட்டு மலையிலேயே நடந்திருக்கின்றது. அதைக் கூறுமுன், மலையில் விழும் மழை எவ்வாறு பிரிகின்றது என்பதைச் சிறிது விளக்குதல் நலம்.

மழைத்துளியில் ஒரு பகுதி இலைகளிலேயே தங்கி, தரையைத் தொடாமல் ஆவியாகிவிடுகின்றது. தரையில் விழுவது, மண் இளகியிருந்தால் உள்ளே இறங்கும். இறுகியிருந்தால் மேலோட்டமாக ஓடும். உள்ளே இறங்கியதில் ஒரு பகுதியை வேர்கள் உறிஞ்சி இலைவழியே காற்றில் விடுகின்றன. எஞ்சியது பாறை இடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து ஓடைகளில் ஊற்றாய் வெளிப்படுகின்றது. மாசி, பங்குனியிலும் ஓடையில் நூல்போல் ஓடும் நீர் இந்த வகையைச் சேர்ந்ததே. மேலோட்டமாக ஓடியதோ அன்றே வெள்ளமாய் இறங்கி, மண்ணையும் கல்லையும் வாரிக்கொண்டு கண்மாயில் சேர்கின்றது. கண்மாய் நிறைந்திருந்தால் கலுங்கு வழியே பயனின்றிப் போகின்றது.

எனவே குடியானவர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஆண்டு முழுவதிலும் வரும் மொத்த நீர் எவ்வளவு என்பது ஒன்று. அது எந்த மாதத்தில், எந்த வேகத்தில் வருகின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலேயே மேற்கண்ட சர்ச்சை தீராமல் இருக்கின்றது.

உதகமண்டலத்தில் 1954-ஆம் ஆண்டில் மண்வளப் பாதுகாப்புக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. 1967-இல் அது இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் வந்தது. நீலகிரியில் 19-ஆம் நூற்றாண்டு முதலே புல்வெளிகளில் கற்பூரத்தைலமரம் எனப்படும் நீல யூக்கலிப்டஸும், சீகை மரங்களும் விறகின் பொருட்டு நடப்பட்டு வந்தன. அவை நீர்வரத்தைக் குறைக்கின்றனவா என்பதை அறிய, கிளென்மார்கன் என்னுமிடத்தில் அடுத்தடுத்து அமைந்த இரண்டு நீர்ப்பிடிப்புப் பள்ளத்தாக்குகளை அந்நிலையத்தார் தெரிந்தெடுத்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர், அதாவது 80 ஏக்கர். இரண்டிலும் மேட்டில் புல்லும், பள்ளத்தில் சோலையும் இயற்கையாக அமைந்திருந்தன. ஓடை வெளியேறும் வாயில் நீரளக்கும் கருவி அமைத்து, 1968 முதல் சில ஆண்டுகள் எதையும் மாற்றாமல் இரண்டையும் அளந்துவந்தனர். ஒன்றில் இவ்வளவு ஓடினால் மற்றதில் இவ்வளவு ஓடும் என்ற கணக்கு இவ்வாறு கைக்கு வந்தது.

இந்தப் பொறுமை கவனிக்கத்தக்கது. உரம் இட்ட வயலையும் இடாத வயலையும் ஒப்பிடுங்கால், இரண்டும் முன்னமே ஒரே விளைச்சல் தந்தவைதானா என்று பார்ப்பவர் மிகச் சிலரே. அதைப் பாராமல் சொல்லும் எந்த ஒப்பீடும் நம்பத்தக்கதன்று.

பின்னர் 1972-இல் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும், பரப்பில் நூற்றுக்கு 59 பங்கில் யூக்கலிப்டஸ் நட்டனர். மற்றொன்றை இயற்கையாகவே விட்டுவைத்தனர். பத்தாண்டுகள் கழிந்து மரங்களை வெட்டுமளவும் கணக்கெடுத்ததில், நட்ட பள்ளத்தாக்கின் ஆண்டு நீர்வரத்து நூற்றுக்கு 16 பங்கு குறைந்திருந்தது. வெட்டிய அடிக்கட்டைகள் மீண்டும் தழைத்து வளர்ந்த இரண்டாம் பத்தாண்டில் குறைவு நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டியது. புதுக்கன்று முதலில் வேர்விட வேண்டும். கட்டையிலிருந்து துளிர்ப்பதற்கோ வேர் ஆழத்தில் ஆயத்தமாக இருக்கின்றது. இரண்டாம் முறை அதிகம் குறைந்ததன் காரணம் அதுவே.

குடியானவருக்கு இதைவிட முக்கியமானது கோடை நீர். வறண்ட மாதங்களில் ஓடையில் ஓடும் குறைந்தபட்ச நீரின் அளவு, முதற் பத்தாண்டில் பாதியாகவும், இரண்டாவதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும் சுருங்கிற்று. மழைக்காலத்தின் பெருவெள்ளம் தணிந்தது என்ற ஒரு நன்மையும் காணப்பட்டது. அதை மறைத்தல் நியாயமன்று. ஆயினும் கோடை ஊற்றை இழந்து பெற்ற நன்மை அது.

இவ்வாராய்ச்சியினால் ‘மரம் நீருக்குப் பகை’ என்று முடிவுகட்டுவோர் அதைப் பாதி படித்தவரே. ஒப்பிடப்பட்டது மரத்தையும் கட்டாந்தரையையும் அன்று. புல்லும் சோலையும் கலந்த இயற்கைக் காட்டையும், வேகமாக வளரும் அயல்மரத் தோட்டத்தையுமே ஒப்பிட்டனர். அதில் இயற்கைக் காடு வென்றது. வெற்றுத் தரையோ இப்போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. கலந்துகொண்டிருந்தால் மண்ணரிப்பில் அது முதலில் வந்திருக்கும்.

நிற்க, நீலகிரியில் கண்ட எண்களை அப்படியே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்குப் பொருத்துதல் தகாது. இங்குச் சரிவு செங்குத்தானது. கீழ்ப்பகுதியில் இலையுதிர் காடும் முட்புதரும், இடைப்பகுதியில் ஓடையோரக் காடும், மேலே பள்ளங்களில் பசுமைமாறாச் சோலையும், முகட்டில் புல்லும் காணப்படுகின்றன. இச்சரிவின் உச்சிகளுள் ஒன்றான கோட்டைமலை 2,019 மீட்டர் உயரமுள்ளது. கீழே முப்பத்திரண்டு அங்குலம் மழை பெறும் நிலத்துக்கும் அம்முகட்டுக்கும் இடையே சில மைல்களே உள்ளன. எண் மாறலாம், தத்துவம் மாறாது. எந்த மரம், எந்த உயரத்தில், எதற்குப் பதிலாக வளர்கின்றது என்பதே கேள்வி. முகட்டுப் புல்வெளியில் மரம் நடுதல் நீருக்குக் கேடு. ஓடைக்கரையில் மருது, நாவல், மா முதலியவற்றை வெட்டுதலும் கேடு. இரண்டுக்கும் ஒரே விதியை எழுதுகின்றவர் மலையை நேரில் பாராதவர்.

சமவெளியிலும் இதே பிழை நேர்ந்திருக்கின்றது. 1981-இல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், தமிழ்நாடெங்கும் கண்மாய்ப் புலங்களில் கருவேல மரங்கள் வளர்க்கப்பட்டன. விறகும் பஞ்சாயத்துக்கு வருமானமும் கிடைத்தன என்பது உண்மை. ஆனால் அதனினும் முன்பே வந்து பரவிய சீமைக் கருவேலம் வரத்துக்கால்களை அடைத்துக்கொண்டது. கால்நடைகள் அதன் நெற்றைத் தின்று சாணத்தின் மூலம் விதைத்துவிடுகின்றன; வெட்டினால் கட்டையிலிருந்து தழைக்கின்றது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கின்றது. வரத்துக்காலில் நிற்கும் சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டுவது, நீலகிரியில் இரண்டாம் பத்தாண்டில் நடந்ததையே கண்மாயில் நடத்துவதாகும். வேரோடு பறித்தலே வழி.

மலைச்சரிவில் நீரின் முதற் பகை தீ. மாசி முதல் வைகாசி வரை சருகு காய்ந்திருக்கும் காலத்தில், புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, அவ்விடத்தோடு நிற்பதில்லை. சருகு எரிந்தபின் தரை வெறுமையாகின்றது. முதல் மழையின் அடி நேரே மண்ணில் விழுந்து, நுண்துகள்கள் மேற்பரப்பின் துளைகளை அடைத்து, ஓடு கட்டினாற்போல் ஆகிவிடுகின்றது. அதன்மேல் விழும் அடுத்த மழை உள்ளே இறங்குவதில்லை. ஒரு பருவம் ஆட்டுக்குக் கிடைத்த பசும்புல்லின் விலையைக் கீழே உள்ள ஆயக்கட்டுதாரர் வண்டலாகச் செலுத்துகின்றனர்.

அந்த விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் சராசரி ஓரடி வண்டல் படிந்தால், ஒவ்வொரு நிறைவிலும் நூறு ஏக்கருக்கு ஓரடி ஆழமுள்ள நீர் குறைகின்றது. நெல்லுக்கு அறுவடை வரை ஏறத்தாழ நான்கடி நீர் தேவை என்று கொண்டால், 25 ஏக்கர் நெல் போயிற்று. வரத்தில் கசிவும் ஆவியாதலும் இக்கணக்கில் சேரவில்லை. வண்டலை அள்ளி வயலில் இடுவது பழைய வழக்கம். செம்மண் புஞ்சைக்கு அது நல்லுரம். இதற்கு 2024-ஆம் ஆண்டு முதல் வட்டாட்சியர் அளவிலேயே கட்டணமின்றி அனுமதி பெறும் வசதி செய்யப்பட்டிருக்கின்றது. ஆனால் மேலே சரிவு வெறுமையாய்க் கிடக்கையில் கீழே வண்டல் அள்ளுவது, ஓட்டைப் படகில் நீரிறைப்பதை ஒக்கும்.

1988-ஆம் ஆண்டு டிசம்பரில் இம்மலையின் ஏறத்தாழ 485 சதுர கிலோமீட்டர் பரப்பு, சாம்பல் நிற அணிலின் பொருட்டுச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் இதுவும் மேகமலையும் சேர்ந்து, 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட புலிகள் காப்பகமாயின. ஓர் அணிலுக்காக இவ்வளவு மலையா என்று அக்காலத்தில் சிலர் நகைத்ததுண்டு. அவ்வணிலின் வாழ்க்கையை அறிந்தால் நகைப்பு அடங்கும்.

இவ்வணில் இந்தியாவின் தென்பகுதியில் சில இடங்களிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ளது. தரையில் இறங்குவதை அது கூடியவரை தவிர்க்கும். கிளையோடு கிளை கோத்து நிற்கும் மரங்களின் மேலேயே இரைதேடி, அங்கேயே இலையும் குச்சியும் கொண்டு கூடு கட்டும். ஜஸ்டஸ் ஜோஷுவா, ஏ. ஜே. டி. ஜான்சிங் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இதனை ஆராய்ந்து, மனிதரால் நேரும் இடையூறுகள் இதன் வாழிடத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை 1994-இல் வெளியிட்டனர். ஜான்சிங் முன்னர் சிவகாசியில் கல்லூரி ஆசிரியராயிருந்தவர். பின்னாளில் நாட்டின் காட்டுயிர் ஆராய்ச்சியில் முதன்மை பெற்றவர். அணிலுக்கு வேண்டியது ஓடையோரத்து அடர்ந்த மரவரிசை. அதே மரவரிசைதான் ஓடையின் கரையைப் பிடித்து நிறுத்தி, நீரை நிழலில் வைத்து, மணல் சரியாமல் காக்கின்றது. செண்பகத்தோப்பில் அணில் துள்ளுமளவும் ஓடைக்கரை உறுதியாயிருக்கின்றது என்று கொள்ளலாம். நீரளக்கும் கருவி இல்லாத ஓடைக்கு அணிலே அளவுகோல்.

இதில் தோட்டக்காரருக்கும் பங்குண்டு. அடிவாரத்து மாந்தோப்புகளும் புளியமரங்களும் பல இடங்களில் காட்டின் மரவரிசையோடு தொடர்ந்து நிற்கின்றன. இராஜபாளையத்துச் சப்பட்டை, பஞ்சவர்ண மாமரங்களில் அணில் சில காய்களைக் கடித்துப் போடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய தோப்பை வெட்டி மனைகளாக்கும்போது அணிலின் பாதையோடு கரையின் பிடிப்பும் அறுபடுகின்றது. ஓடையை ஒட்டிய பட்டா நிலத்தில் கரையிலிருந்து ஒரு வரிசை பெருமரங்களையேனும் விட்டுவைத்தல், பக்கத்து வயலுக்கு வரும் வெள்ளத்தைத் தடுக்கும் மலிவான வேலியாகும்.

மலையின் உயிர்களை இன்னும் முழுதும் அறிந்தபாடில்லை என்பதற்கு ஒரு சான்று. 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்பவர் மேகமலையில் பழந்தின்னி வௌவால் ஒன்றைச் சேகரித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அது வேறு ஓர் இனமாகக் கருதப்பட்டு இருபத்து நான்கு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 1972-இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதை ஆராய்ந்து, உலகில் அதுவரை அறியப்படாத இனம் எனக் கண்டு, பறவையியலறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்கு இட்டார். பழந்தின்னி வௌவால்கள் தோப்பில் திருடுவதை மட்டுமே குடியானவர் காண்கின்றனர். தின்ற பழத்தின் விதையைப் பறக்கும் வழியெல்லாம் அவை மலையில் இடுவதை இரவில் யாரும் காண்பதில்லை.

காப்பகத்தினால் வந்த துன்பத்தையும் கூறாமல் விடலாகாது. யானை தென்னங்குருத்தை முறிப்பதும், காட்டுப்பன்றி நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் உழுதுபோடுவதும் அடிவாரத்தில் நித்திய நிகழ்ச்சிகள். ஒரே இரவில் பத்தாண்டுத் தென்னையை இழந்தவரிடம் நீர்ப்பிடிப்பின் நன்மையைப் பேசுவது எளிதன்று. அந்நன்மை ஆயக்கட்டு முழுதும் பரவுகின்றது, இழப்போ மலையோரத்தில் நிலமுள்ளவர் தலையிலேயே விழுகின்றது. ஆகவே சேதத்துக்கான இழப்பீட்டை விரைந்து பெற்றுத்தருவது தருமமாக அளிப்பதன்று. நீருக்குக் கொடுக்கும் விலை. சேதம் நேர்ந்த அன்றே வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அறிவித்து, முறிந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் பார்வையிடச் செய்தல் வேண்டும்.

காட்டுப்பன்றியைப் பொறுத்து 2025 ஜனவரியில் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைக் கொல்ல அனுமதியில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் இதற்கான கிராமக் குழுவில் இருப்பதால், தம் கிராமத்துச் சர்வே எண்கள் எந்தத் தூரத்தில் விழுகின்றன என்பதை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவைத்தல் நலம். மின்வேலி அமைப்போர் 2023-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவுசெய்து, நிர்ணயித்த கருவியையே பயன்படுத்த வேண்டும். வீட்டுமின்சாரத்தைக் கம்பியில் பாய்ச்சுவது யானையை மட்டுமன்றி, விடியற்காலையில் மடை திறக்கச் செல்லும் அயலாரையும் கொல்லும்.

காப்பகத்தின் வெளிவட்டத்தைக் கிராம சபையைக் கலந்தே வரையறுக்க வேண்டும் என்று வனவுயிர்ச் சட்டம் விதிக்கின்றது. செண்பகத்தோப்பு, தாணிப்பாறை முதலிய இடங்களில் வாழும் பளியர்களின் உரிமைகள் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தினால் காக்கப்பட்டவை. எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் இல்லை. மேற்சரிவில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணிக்கு அவர்களையே முதலில் அமர்த்துதல் நியாயமும் இலாபமும் ஆகும்.

கடைசியாக அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கிளென்மார்கனில் கிடைத்தது போன்ற விடை, இச்சரிவின் ஒவ்வோர் ஓடைக்கும் வேண்டும். பெரிய கருவிகளை இலாகாதான் அமைக்க வேண்டும். ஆயினும் மழையை அளப்பதற்கு ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு சாதாரண மழைமானி போதும். மரநிழலோ கூரையோ படாத வெளியில் அதை நட்டு, தினமும் காலை எட்டரை மணிக்கு ஒரே ஆள் பார்த்து எழுத வேண்டும். மழையில்லாத நாளில் சுழி இடவேண்டும். வெற்றிடம் விட்டால் மறந்ததா, மழை இல்லையா என்பது பின்னர் தெரியாது. மடைக்கல்லில் அடிக்கணக்குக் கீறி, நீர்மட்டத்தை அதே ஏட்டில் குறிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் சுமார் 40,000 லிட்டர். கண்மாயின் வரத்துப் பரப்பு எத்தனை ஏக்கர் என்பதைக் கிராம வரைபடத்திலிருந்தும் சர்வே வரைபடத்திலிருந்தும் கணக்கிட்டால், பெய்ததில் எத்தனை பங்கு மடைக்கு வந்தது என்பதை ஐந்தாறு ஆண்டுகளில் ஆயக்கட்டுதாரரே கூறிவிடலாம். மலையில் தீ பரவிய ஆண்டையும் ஏட்டின் ஓரத்தில் தேதியுடன் குறித்துவைக்க வேண்டும்.